இருபதடிக் கம்பம் நட்ட பேராசிரியர்

நம் ரிச்சர்ட்ஸ் டவுனின் பழைய வீடுகளைச் சற்றே அண்ணாந்து நோக்கினால், கூரைகளின் வரலாறு ஒன்று புலப்படும். ஒரு காலத்தில் இரண்டு மூங்கிற் கழிகளுக்கிடையே செப்புக் கம்பியொன்று கட்டப்பட்டிருக்கும். கீழே கூடத்தில் வால்வு ரேடியோ பாடும். பின்னர் மீன்முள்ளைப் போன்ற தொலைக்காட்சி ஏரியல் வந்தது. அதன் பின் வட்டத் தட்டு வந்தது. இன்று அதுவும் குறைந்து வருகிறது. கைப்பேசிக்குள் ஏரியல் உண்டு என்பதையே நம் பிள்ளைகள் பலர் அறியார். காற்றில் மிதந்து வரும் அலையைப் பிடித்துத் தருவதற்கு ஒரு துண்டு உலோகம் எங்கேனும் இருந்தே தீர வேண்டும் என்ற உண்மை மட்டும் மாறவில்லை.

அந்த உலோகத் துண்டைக் கம்பத்தின் உச்சியில் ஏற்றி வைத்துச் சோதித்த முதல் இந்தியர் யார்? வானொலி என்ற சொல்லே பிறவாத நாளில், அரசாங்கத்தின் உதவியுமின்றி, ஊர்த் தகரவேலைக்காரர் ஒருவரைத் துணைக்கொண்டு, ஒரு சிற்றறையில் அச்சோதனைகளை இயற்றியவர் எவர்? அவரே ஆசாரிய ஜகதீச சந்திர போஸ். செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று கூறியவர் என்றே நம்மிற் பலர் அவரை அறிவோம். பள்ளிப் பாடநூல்களும் அவ்வளவோடு நின்றுவிடும். அவர் வாழ்வின் மற்றொரு பகுதியை இவ்வாண்டு மலரில் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் மைமன்சிங் என்னும் ஊரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்தது. தந்தையார் பகவான் சந்திர போஸ், அரசாங்கத்தில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணி புரிந்தவர். அக்காலத்தில் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கே செல்வது வழக்கம். பகவான் சந்திரரோ தம் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். வகுப்பில் ஒருபுறம் தந்தையாரின் முஸ்லிம் ஏவலாளர் மகன். மறுபுறம் மீனவர் ஒருவரின் மகன். அவர்களிடம் கேட்ட பறவை, மீன், ஆற்றுக் கதைகளே தமக்கு இயற்கையின்பால் ஆர்வத்தை ஊட்டின என்று போஸ் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். பிழைப்புக்காகப் பிற மாநிலத்தில் குடியேறி, பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்க மாலை வகுப்பும் ஞாயிறு வகுப்பும் நடத்திவரும் நமக்கு இச்செய்தி தனியொரு பொருளைத் தரும்.

தந்தையாரின் இயல்பை விளக்கும் செய்தி இன்னொன்றும் உண்டு. தம்மால் தண்டிக்கப்பட்டுச் சிறையிலிருந்து மீண்ட கொள்ளைக்காரர் ஒருவர் பிழைக்க வழியின்றி வந்து நின்றபோது, அவரையே தம் மகனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் காவலராக அமர்த்திக்கொண்டார் அப்பெருந்தகை. மக்களுக்குத் தொழில் கற்பிக்க வேண்டும், சுதேசித் தொழில்களை வளர்க்க வேண்டும் என்று அவர் பல முயற்சிகளில் பணம் இட்டார். அவற்றுட் பல நொடித்துப்போகவே, குடும்பம் பெருங்கடனில் ஆழ்ந்தது. அக்கடன் மகனுடைய தோளிலும் ஏறியது.

கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியில் பயின்றபோது, லாபோன் பாதிரியார் என்னும் நல்லாசிரியர் பௌதிகப் பாடத்தைச் சோதனைகள் வாயிலாகவே கற்பித்தார். கருவியைக் கையாலே தொட்டு இயக்கிப் பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. 1880-இல் போஸ் இங்கிலாந்து சென்று முதலில் மருத்துவம் பயின்றார். ஆயினும் அடிக்கடி வந்த காய்ச்சல் அவரை வாட்டவே, அதை விடுத்துக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் கற்றார். ராலே பிரபு போன்ற பேரறிஞர்கள் அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தனர். 1884-இல் கேம்பிரிட்ஜ்ப் பட்டமும் லண்டன் பட்டமும் பெற்று, அடுத்த ஆண்டு கல்கத்தாப் பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார்.

அங்கே அவரை எதிர்கொண்டது பாடமன்று, பாகுபாடு. ஒரே பதவியில் ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸின் நியமனம் தற்காலிகம் என்று காட்டி அதிலும் பாதியைக் குறைத்தனர். ஆக, ஐரோப்பியருக்கு உரியதில் மூன்றில் ஒரு பங்கே அவர் கைக்கு வரும். கூச்சலிட்டு வெளியேறுவதையோ குனிந்து வாங்கிக்கொள்வதையோ அவர் செய்யவில்லை. வகுப்பைத் தவறாது நடத்தினார், ஊதியத்தைத் தொடவில்லை. ஓராண்டன்று, ஈராண்டன்று, மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன. தந்தையின் கடனோ தலைக்கு மேல் நின்றது. 1887-இல் திருமணமும் நடந்தது. துணைவியார் அபலா அம்மையார். வங்காளத்தில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியின் கதவு அடைக்கப்பட்டிருந்த நாளில், நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தவர் அவர். ஊதியமில்லாத கணவருடன் சிக்கனமாகக் குடித்தனம் நடத்திய அம்மையாரின் மன உறுதியும் இவ்வறப்போரில் சரிபாதி என்றே நாம் கருதுகிறோம். இறுதியில் நிர்வாகம் இணங்கியது. அவர் பதவி நிலையாக்கப்பட்டது. மூன்றாண்டு ஊதியமும் முழுமையாக, முன்தேதியிட்டுக் கிடைத்தது. அத்தொகை தந்தையின் கடனை அடைக்கச் சென்றது.

இனி அலைகளின் கதைக்கு வருவோம். மின்னும் காந்தமும் கலந்து வெளியில் அலையாகப் பரவும் என்பதைக் கணக்கின் துணைகொண்டு ஸ்காட்லாந்து அறிஞர் மாக்ஸ்வெல் முன்னரே கூறியிருந்தார். 1887, 1888 ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் அவ்வலைகளைத் தம் சோதனைச் சாலையில் உண்டாக்கிக் காட்டினார். 1894-ஆம் ஆண்டின் முதல் நாளன்று அவர் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியவற்றைக் கல்கத்தாவில் இருந்து படித்த போஸ், அதே ஆண்டில், தமது 36-ஆவது பிறந்த நாளன்று, இனி ஆராய்ச்சிக்கே வாழ்வை அளிப்பது என்று உறுதி பூண்டார்.

உறுதி பூண்டாரே அன்றி, ஆராய இடமில்லை. கல்லூரியில் குளியலறையை ஒட்டியிருந்த ஒரு சிறு அறையே அவருக்குச் சோதனைச் சாலையாயிற்று. பகல் முழுதும் வகுப்பு. எஞ்சிய நேரமே ஆராய்ச்சிக்கு. கருவிகளுக்கு இங்கிலாந்துக்கு எழுதினால் பணமும் வேண்டும், மாதங்களும் கழியும். அவர் ஊரில் இருந்த தகரவேலைக்காரர் ஒருவரை அழைத்து, தாம் மனத்தில் வரைந்ததைக் கூறி, வெட்டவும் வளைக்கவும் பற்றவைக்கவும் செய்தார். அத்தொழிலாளி கல்வி நிலையம் எதிலும் பயிலாதவர். அவர் கையால் உருவான கருவிகள் சில ஆண்டுகளிலேயே லண்டனில் மிகப் பெரிய அறிஞர்களின் கண்ணெதிரே வேலை செய்தன.

ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் ஏறத்தாழ ஒரு முழங்கை நீளமும் அதற்கு மேலும் இருந்தன. அலை நீண்டிருந்தால் அதை ஆராயும் கண்ணாடியும் முப்பட்டகமும் பெரிதாக இருத்தல் வேண்டும். சிறு அறையில் அவற்றுக்கு இடம் ஏது? ஆதலின் அலையையே சிறிதாக்க முனைந்தார் போஸ். 5 மில்லிமீட்டர் நீளம் வரையிலான அலைகளை அவர் உண்டாக்கினார். அரிசி மணி ஒன்றின் நீளமே அது! கருவி முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடங்கிற்று. அக்காலத்தில் அவ்வளவு சிற்றலைகளை வைத்துக்கொண்டு ஒழுங்காகச் சோதனை செய்த மிகச் சிலருள் அவர் ஒருவர்.

அவர் கையாண்ட பொருள்களைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்மணிகளும் சிறுவர்களும் வியப்பர். அலை எந்தத் திசையில் அசைகிறது என்று பிரித்தறிய ஒரு வடிகட்டி தேவை. அதற்கு அவர் எடுத்தது ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகம். அதன் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாளை வைத்தார், வடிகட்டி தயார். ஒரு திசையில் பிடித்தால் அலை புகும். திருப்பிப் பிடித்தால் நிற்கும். கயிறு திரிக்கும் சணலை முறுக்கி வைத்து, அம்முறுக்கின் வழியே அலை செல்லும்போது அதன் அசைவுத் திசையும் திரும்புவதைக் காட்டினார். இரண்டு கண்ணாடி முப்பட்டகங்களை எதிரெதிரே வைத்து, இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும், அலையின் வலிமையைக் குழாய்த் திருகுபோலக் கட்டுப்படுத்தினார். இவ்விரட்டை முப்பட்டக முறையை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அமெரிக்காவில் கிட் பீக் மலையிலுள்ள வானொலித் தொலைநோக்கிக்காரர்கள் தம் கருவியில் எடுத்தாண்டனர் எனில், அதன் அருமையை என்னென்பது!

எல்லாவற்றிலும் நம் தலைப்புக்கு நெருங்கியது அவருடைய கொம்பு ஏரியல். நாதசுரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசை நாம் அறிவோம். குழலில் பிறந்த ஒலியைச் சிதறவிடாமல் சபைக்கு அனுப்புவது அது. அதைப் போலவே, விரிந்த வாயுள்ள உலோகப் புனல் ஒன்றைப் போஸ் தம் கருவியின் முகப்பிற் பொருத்தினார். பரந்து வரும் அலையைத் திரட்டி உணர்கருவியின்மேல் செலுத்த அது உதவிற்று. 1897-இல் அவர் இதை லண்டனிற் காட்டினார். பின்னர் உலகம் அதை மறந்தது. 1930-களில் அமெரிக்காவில் சவுத்வொர்த், பாரோ ஆகியோர் குழாய் வழியே அலை செலுத்தும் ஆராய்ச்சியில் இறங்கியபோது கொம்பு ஏரியல் மீண்டும் பிறந்தது. 1964-இல் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் நியூஜெர்சியில் 20 அடி வாயுள்ள கொம்பு ஏரியலை வானை நோக்கித் திருப்பியபோது கேட்ட ஓயாத இரைச்சலே, அண்டத்தின் தொடக்கத்தில் எழுந்த வெப்பத்தின் எச்சம் என்று தெளிந்தது. கல்கத்தாத் தகரவேலைக்காரர் வளைத்த புனலின் வம்சம் எங்கே போய் நின்றது பாருங்கள்!

1895-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் போஸ் ஒரு காட்சி நடத்தினார். வங்காளத்து லெப்டினன்ட் கவர்னர் தலைமை வகித்தார். அலையை அனுப்பும் கருவி ஓரிடத்தில். வாங்கும் கருவி 75 அடி தொலைவில் வேறோர் அறையில். இடையே சுவர்கள். தலைவரின் பருத்த உடலும் குறுக்கே நின்றது. அலை அவற்றையெல்லாம் ஊடுருவிச் சென்று மணியை அடித்தது, துப்பாக்கியை வெடித்தது, ஒரு சிறு வெடிமருந்துக் குவியலையும் கொளுத்தியது. கம்பி எதுவும் இடையில் இல்லை. கண்டோர் திகைத்தனர்.

இந்தச் சோதனையில்தான் நாம் தலைப்பிற் குறித்த கம்பம் வருகிறது. சிறு கருவியிலிருந்து எழும் அலை நெடுந்தொலைவு செல்லுமாறு, 20 அடி உயரமுள்ள கம்பம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் வட்டமான உலோகத் தகடொன்றைப் பொருத்தி, அதைக் கருவியோடு இணைத்தார் போஸ். வாங்கும் புறத்திலும் அவ்வாறே ஒரு கம்பமும் தகடும். பிற்காலத்தில் நாடெங்கும் எழுந்த வானொலிக் கோபுரங்களின் முன்னோடி இதுவே என்று அவருடைய வரலாற்றை 1920-இல் எழுதிய பாட்ரிக் கெடிஸ் குறித்துள்ளார். கல்லூரிக்கும் ஒரு மைல் தொலைவிலிருந்த தம் இல்லத்துக்கும் இடையே இத்தகைய கம்பங்களை நட்டுச் செய்தி அனுப்பிப் பார்க்கவும் போஸ் திட்டமிட்டார். அதற்குள் 1896-இல் இங்கிலாந்துப் பயணம் குறுக்கிடவே, அம்முயற்சி நின்றுபோயிற்று.

உயரமான கம்பம் எதற்கு என்று சிறுவர்கள் வினவக்கூடும். ஏரியல் என்பது அலையின் நீளத்துக்கு ஏற்ற அளவில் இருந்தால்தான் நன்கு இயங்கும். பொதுவாக அலைநீளத்தில் பாதி அல்லது கால் பங்கு நீளமுள்ள கம்பி ஏற்றது. அரிசி மணியளவு அலைக்கு அதிலும் பாதியளவு கம்பி போதும். 300 மீட்டர் அலைக்கோ, கால் பங்கே 75 மீட்டர் ஆகிவிடும். நீண்ட அலைகள் பூமியின் வளைவைத் தழுவிச் செல்வன. சிற்றலைகள் ஒளியைப்போல் நேர்கோட்டிற் செல்வன, மலையும் மாளிகையும் அவற்றைத் தடுக்கும். தொலைதூரச் செய்திக்கு நீண்ட அலையும் உயர்ந்த கம்பமும் வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு முன்னேறியவர் இத்தாலிய இளைஞர் மார்க்கோனி. 1901-இல் அவர் இங்கிலாந்தின் போல்டு முனையில் 200 அடி உயரமுள்ள 20 கம்பங்களை வட்டமாக நிறுத்தினார். செப்டம்பர்ப் புயலில் அவை சாய்ந்தன. மனந்தளராது எளியதோர் அமைப்பைக் கட்டினார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில், காற்றாடியொன்றைப் பறக்கவிட்டு அதில் 500 அடிக் கம்பியைத் தொங்கவிட்டு, 1901 டிசம்பர் 12-ஆம் நாள் சமிக்ஞை கேட்டதாக அறிவித்தார்.

அச்சமிக்ஞையைக் கேட்க மார்க்கோனி பயன்படுத்திய உணர்கருவியில் இரும்பும் பாதரசமும் இருந்தன. அத்தகைய கருவியைப் போஸ் 1899-இலேயே லண்டன் ராயல் சொஸைட்டியில் விளக்கியிருந்தார். மார்க்கோனியின் கருவி போஸின் கண்டுபிடிப்பே என்று பிரபீர் பந்தோபாத்தியாயர் என்னும் பொறியியல் அறிஞர் 1998-இல் விரிவான கட்டுரை எழுதி நிறுவ முயன்றார். இதைக் கொண்டு மார்க்கோனியைத் தூற்ற வேண்டுவதில்லை. லாட்ஜ், ரஷ்ய நாட்டுப் பாபோவ், மார்க்கோனி, போஸ் எனப் பலர் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆயினும் 1909-இல் நோபல் பரிசு பங்கிடப்பட்டபோது மார்க்கோனியும் ஜெர்மானியரான பிரவுனும் மட்டுமே அழைக்கப்பட்டனர் என்பதும், தேரின் வடத்தைத் தொடங்கத்திலேயே பற்றிய ஓர் இந்தியக் கை பல காலம் பேசப்படவே இல்லை என்பதும் உண்மை.

1896-ஆம் ஆண்டுப் பயணத்தில் போஸ் லிவர்ப்பூலில் பிரிட்டிஷ் சங்கத்திலும், 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார். முதிய கெல்வின் பிரபு கோலூன்றி மாடிப்படி ஏறிச் சென்று, மகளிர் பகுதியில் அமர்ந்திருந்த அபலா அம்மையாரைக் கண்டு பாராட்டினார் என்பர். ஊதியமற்ற நாட்களில் உடன் நின்ற அம்மையாருக்கு அப்பாராட்டு உரியதே.

புகழைத் தொடர்ந்து பணமும் வந்து கதவைத் தட்டியது. 1901-இல் லண்டனில், கம்பியில்லாத் தந்திக் கம்பெனி ஒன்றின் செல்வர் உரிமைப் பத்திரத்துடன் வந்து, புதிய உணர்கருவியின் விவரத்தைச் சொற்பொழிவில் வெளியிட வேண்டா, காப்புரிமை பெற்று இலாபத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்று வற்புறுத்தினார். போஸ் மறுத்தார். பொருளாசை என்னும் பொறியில் ஒருமுறை கால் வைத்தால் மீள முடியாது என்ற கருத்தைத் தம் நண்பர் ரவீந்திரநாத தாகூருக்கு எழுதிய கடிதத்தில் அவர் வெளியிட்டார். கடனின் கொடுமையைக் குடும்பத்திலேயே கண்டு தேறியவர் இவ்வாறு மறுத்தார் என்பதை மறத்தல் கூடாது.

எனினும் அவர்பால் அன்புகொண்ட சாரா புல் என்னும் அமெரிக்க அம்மையாரின் முயற்சியால், கலீனா என்னும் ஈயக் கனிமத்தைக் கொண்ட உணர்கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை 1904 மார்ச் 29-ஆம் நாள் அவர் பெயரில் வழங்கப்பட்டது. அதன் எண் 755,840. அதனாற் பணம் சேர்க்க அவர் முனையவில்லை. உரிமை காலாவதியாக விட்டுவிட்டார். அதே கலீனாப் படிகத்தின்மேல் மெல்லிய கம்பி முனையை வைத்துக் கேட்கும் ரேடியோக்கள் 1920-களில் உலகெங்கும் வீடுகளிற் பரவின. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற நெவில் மாட், போஸ் தம் காலத்துக்கு 60 ஆண்டுகள் முந்தியிருந்தார் என்று மதிப்பிட்டார்.

காப்புரிமையை மறுத்தது சரியா, தவறா? நம் கூட்டங்களில் இளைஞர்கள் இதைப்பற்றி வாதிடலாம். அவர் உரிமையைக் காத்திருந்தால் இந்திய ஆராய்ச்சிக்குப் பொருள் கிடைத்திருக்கும். பெயரும் மறைந்திராது என்று கூறுவோர் உண்டு. அவர் மறைத்து வைத்திருந்தால், பிறர் அதைக் கற்று முன்னேறியிருக்க முடியாது என்பது மறுதரப்பு. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் அறிவை விலைக்கு விற்பதில்லை என்ற முடிவை, பணத்தின் தேவை அறியாத செல்வர் ஒருவர் எடுத்திருந்தால் அதற்கு இத்தனை மதிப்பு இராது என்று மட்டும் நாம் கூறுவோம்.

1900-ஐ ஒட்டிப் போஸின் நாட்டம் திரும்பிற்று. தம் உணர்கருவிகள் நெடுநேரம் உழைத்தபின் சோர்வதையும், ஓய்வுக்குப்பின் தெளிவதையும் கண்ட அவர், உயிரற்றதும் உயிருள்ளதும் தூண்டுதலுக்கு இணங்கும் வகையை ஒப்பிடத் தொடங்கினார். அது அவரைச் செடிகளிடம் இட்டுச் சென்றது. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியை அமைத்தார். லண்டனின் உடலியல் அறிஞர் சிலர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். அவர் கூறிய எல்லாவற்றையும் பின்வந்த ஆராய்ச்சி ஏற்றுக்கொண்டதெனச் சொல்ல இயலாது. செடிகளில் மின் சமிக்ஞைகள் ஓடுகின்றன என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. 1915-இல் ஓய்வு பெற்றார். 1917-இல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், தம் பிறந்த நாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920-இல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிதியில் அவர் உயிர் நீத்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து கம்பம் நடுவோர் இந்நாட்டில் தோன்றிக்கொண்டே இருந்தனர். 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்னும் ஆர்வலர் அமெச்சூர் வானொலி நிலையம் நடத்தினார். 1924-இல் நம் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அவ்வாண்டு ஜூலை 31 முதல் 40 வாட் கருவியைக்கொண்டு ஒலிபரப்பு நடத்தினார். பணமுடையால் 1927-இல் அது நின்றது. கருவி மாநகராட்சிக்கு வழங்கப்பட்டு, 1930-இல் மாநகராட்சியே ஒலிபரப்பை மேற்கொண்டது. நாம் வாழும் இம்மாநிலத்திலோ, 1935-இல் மைசூரில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி தம் இல்லத்திலேயே 30 வாட் கருவியை வைத்து ஒலிபரப்பினார். அந்நிலையத்தின் பெயரே ஆகாசவாணி. பின்னர் நாடு முழுதுக்கும் அதுவே பெயராயிற்று. மூவரும் தம் சொந்த முயற்சியால் தொடங்கியவர் என்பது கருதத்தக்கது.

பெரிய கோபுரங்களும் எழுந்தன. 1970-இல் நீலகிரி உதகையருகே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள வானொலித் தொலைநோக்கி நிறுவப்பட்டது. பூமி சுழல்வதற்கேற்ப அதைத் திருப்ப எளிதாகும்படி, மலையின் சரிவையே பூமியச்சுக்கு இணையாகத் தேர்ந்தெடுத்தனர் அறிஞர். நம் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கௌரிபிதனூரில் ஆயிரம் ஏரியல்களை வயலிற் பயிர்போல வரிசையாக நட்ட களம் 1970-களில் உருவாயிற்று. போஸ் கையாண்ட மில்லிமீட்டர் அலைகளோ, இன்று கார்களின் ராடாரிலும் அதிவேகக் கைப்பேசித் தொடர்பிலும் வேலை செய்கின்றன. 2012-இல் உலக மின் பொறியியலாளர் கழகம் அவருடைய 1894-96 சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்துப் பிரசிடென்ஸி கல்லூரியிற் கல்வெட்டுப் பதித்தது. காலந்தாழ்ந்த மரியாதை எனினும் மரியாதையே.

இவ்வளவும் பெரியோர் செயல். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு உண்டு. மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றால், எவரும் அமெச்சூர் வானொலியாளராகித் தம் மாடியிலிருந்தே உலகோடு பேசலாம். 40 மீட்டர் அலைக்கு 20 மீட்டர் கம்பி வேண்டும். நம் மாடிகள் அவ்வளவு நீளமில்லை. நடுவே ஒரு கம்பம் நாட்டி, இருபுறமும் கூடாரக் கயிற்றைப்போலக் கம்பியைச் சரித்துக் கட்டினால் அடங்கிவிடும். 2 மீட்டர் அலைக்கோ, ஒரு மீட்டர்க் கம்பியே போதும். பிளாஸ்டிக் குழாயில், தச்சர் வைத்திருக்கும் எஃகு அளவு நாடாவை வெட்டிப் பொருத்தி, திசைநோக்கும் ஏரியல் செய்வோர் இன்று உலகெங்கும் உளர். சணலையும் ரயில் அட்டவணையையும் எடுத்தாண்ட ஆசாரியர் அதைக் கண்டால் மகிழ்ந்திருப்பார்.

வெறும் பொழுதுபோக்கன்று இது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஊமையானபோது, வேறொரு சோதனைக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினரே தம் சிறு கருவியாலும் கம்பி ஏரியலாலும் தீவின் செய்திகளைத் தாயகத்துக்கு எட்டச் செய்தனர். உறவினர் உயிரோடிருக்கிறார் என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அக்கம்பியின் மதிப்புத் தெரியும்.

கம்பம் நடுகையில் எச்சரிக்கையும் வேண்டும். சாய்ந்தால் மின்கம்பியின்மேல் விழக்கூடிய இடத்தில் எதையும் நிறுத்தலாகாது. இடி மின்னல் மிகுந்த நம் ஊரின் சித்திரை வைகாசி மழைக் காலத்தில், ஏரியலைக் கருவியிலிருந்து கழற்றி வைத்தலும், கம்பத்தை முறையாக நிலத்தோடு இணைத்தலும் இன்றியமையாதன. பெரியவர் ஒருவர் உடன் நின்றே பிள்ளைகள் மாடியேற வேண்டும்.

நம் குடியிருப்பில் மொட்டைமாடி துணி உலர்த்தவும் வடாம் பிழியவும் தண்ணீர்த் தொட்டி வைக்கவும் உரியது என்பது பொதுவான கொள்கை. ஒரு பையனோ பெண்ணோ அங்கே ஒரு கழியும் கம்பியும் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தால், அழகு கெடும், அண்டை வீட்டார் முறையிடுவர் என்று உடனே மறுத்துவிடுதல் எளிது. அன்று கல்கத்தாக் கல்லூரியிலும் அவ்வாறே பலர் முகஞ்சுளித்திருப்பர். குளியலறையை ஒட்டிய அறை ஒன்று கிடைத்தமையாலன்றோ இவ்வரலாறு நமக்குக் கிடைத்தது? துணிக்கொடிக்கு ஒரு முழம் தள்ளி, அப்பிள்ளைக்கும் ஓரிடம் ஒதுக்கித் தருமாறு நம் சங்கத்துக் குடும்பங்களை அன்புடன் வேண்டுகிறோம்.